சிங்க முத்திரைச் சுங்கான்

லண்டன்
6-2-1954

சௌபாக்கியவதி பெருந்தேவிக்கு அநேக ஆசீர்வாதம். நான் சௌக்கியம். செங்கல்பட்டில் நீ சௌக்கியமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இனிமேல் எழுதுவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே!

இன்று சந்தையில் தட்டுமுட்டுச் சாமானுக்கு நடுவே, துரைமார் புகை பிடிக்கிற பழைய சுங்கான் ஒன்று கிடந்தது. அதன் கழுத்தில் கரி பிடித்த வளையம். கோட்டுக் கையால் தேய்த்தேன். முன்காலைத் தூக்கிய சிங்கம் தெரிந்தது! இந்த ஊரில் சிங்க முத்திரை இருந்தால் அசல் வெள்ளி என்று அர்த்தம். பக்கத்து எழுத்து வருஷத்தைச் சொல்லிவிடும். ஐம்பது வருஷத்துச் சரக்கு! "கிடைச்சுடுத்துடி பெருந்தேவி!" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

பயப்படாதே, நான் புகைப்பதில்லை, பழைய சுங்கான்களைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். எல்லாம் யார் யாரோ வாயில் வைத்த எச்சில். பல் தடம்கூட இருக்கிறது. ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறேன். ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அறையில் நாலு மனுஷா இருக்கிற மாதிரி இருக்கிறது.

கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் மணலில் நான் பொறுக்கி வந்த சுங்கானை, எச்சில் என்று அம்மா இடுக்கியால் கொல்லையில் எறிந்தாளே, அதைக் கிணற்றடியில் தேடு. சிங்கம் இருக்கிறதா என்று உடனே எழுது. தொட்ட பிறகு வேண்டுமானால் குளித்துக்கொள்.

சாத்தமுதுப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். பதில் கவரை நம்மாத்து வழக்கப்படி தண்ணீர் தொட்டு ஒட்டாதே. உன் நாக்கால் நனைத்து ஒட்டு.

ராகவன்