கூட்டலா, பெருக்கலா

மார்ச் 6

மச்சாலா நகரில் விடாத மழை. ஆய்வகத் தலைவர் அரீஸகா காலைக் கூட்டத்தில் மறுபடியும் “சினெர்ஹியா” என்றார், கூட்டு வலிமை என்ற பொருளில். நாமும் வாழைப்பழ நிறுவனங்களும் சினெர்ஹியாவோடு இயங்கினால்தான் வளர்ச்சியாம். அவர் வாயில் அந்தச் சொல்லுக்குக் கைகுலுக்கல், படம் எடுத்துக்கொள்ளல், மதிய விருந்து என்று அர்த்தம். எரிச்சலாக வந்தது.

மார்ச் 9

தோட்டத்தில் சுருண்டு விழுந்து இறந்துபோன எவெர் கியான்காவின் இரத்தப் பரிசோதனை முடிவு என் மேசைக்கு வந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. வாழைக்குலைகளுக்குப் பூச்சிமருந்து தடவிய பை கட்டுவது அவன் வேலை. கட்டிக்கொண்டிருக்கும்போதே விமானம் தலைக்குமேல் பூஞ்சைமருந்தைத் தெளித்திருக்கிறது. இரண்டு மருந்தும் உடம்பில் இருக்கின்றன. இரண்டுமே அனுமதித்த அளவுக்குள்தான்.

அப்படியானால் எப்படிச் செத்தான்?

மார்ச் 10

தெரிந்துவிட்டது. பூஞ்சைமருந்து கல்லீரலை முடக்கியிருக்கிறது. பூச்சிமருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலை. அறிக்கையில் எழுதினேன்: இது சினெர்ஹியா, ஒன்று மற்றொன்றின் வீரியத்தைப் பெருக்குகிறது. அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் இதுதான்.

மார்ச் 13

அரீஸகா கூப்பிட்டு, அறிக்கையில் சினெர்ஹியாவைச் “சேர்ந்த விளைவு” என்று மாற்றச் சொன்னார். வெறும் கூட்டல் என்றால் இரண்டையும் கூட்டினாலும் வரம்பைத் தாண்டாது, தோட்டத்து நிறுவனம் தப்பித்துவிடும். பெருக்கல் என்றால் மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

“ஒரு வார்த்தைதான நெல்வா. அதுக்குப் போய் ஏன் இவ்வளவு பிடிவாதம்?”

“ஒரு வார்த்தைதான டாக்டர். அது இருந்துட்டுப் போகட்டுமே.”

கதவைச் சாத்தச் சொன்னார். வேண்டுமென்றே திறந்துவைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 14

யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. நல்லது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

எவெரின் சாவு பற்றிய வழக்கு விசாரணை. முதலில் பேசிய அரீஸகா, நாக்கூசாமல் “வெறும் கூட்டல்தான்” என்றார். அப்புறம் நிறுவனத்தின் வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டுமே அளவுக்குள்ள இருக்கு. ஒண்ணும் ஒண்ணும் உங்க ஆய்வகத்துல மட்டும் அஞ்சாகுமா மேடம்?”

சிரித்தார்கள். நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்: “வீட்டுக்கு ஒரு காவல்காரன் இருக்கான். ஒருத்தன் வந்து அவனைக் கட்டிப்போடறான், வேற எதையும் தொடல. அடுத்தவன் தினமும் வந்து விரட்டப்படற சில்லறைத் திருடன். இன்னைக்கு வீட்டையே காலி பண்ணிடறான். தனித்தனியா வந்திருந்தா வீடு தப்பிச்சிருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை.

வெளியே எவெரின் மனைவி தர்ஹேலியா நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன்.

“என் புருஷன் உங்களுக்குக் கணக்காயிட்டான், இல்ல? கூட்டல், பெருக்கல்னு. நீங்களும் உங்க தலைவரும் சண்டை போட்டுக்க ஒரு பொணம் கெடச்சிருக்கு.”

எவ்வளவு நன்றிகெட்ட... இல்லை. அப்படி எழுதக் கூடாது. ஆனால் எரிகிறதே!

மே 19

தீர்ப்பு. என் சொல்லை நீதிபதி ஏற்றுக்கொண்டார். நிறுவனம்தான் பொறுப்பு.

மே 22

என்னைப் பால் பரிசோதனைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். உத்தரவைக் கையில் கொடுத்த அரீஸகா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அங்கே நின்று அவருக்கு அந்தத் தொல்லையைத் தரவில்லை.

ஜூலை 11

பேருந்தில் தர்ஹேலியா ஏறினாள். என்னைப் பார்த்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றுகொண்டாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது என் அருகில் நின்றாள். சிரிப்பு இல்லை.

“என் கொழுந்தன் இன்னும் அந்தத் தோட்டத்துலதான் வேலை செய்யறான். பை கட்டற அன்னைக்கு இப்பல்லாம் விமானம் வர்றதில்லையாம்.”

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டாள்.