ஒரு பக்கம் மட்டும் கொட்டுகிற முடி

சேந்தமங்கலம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

தனப்பிரியா எழுதுவது. வாரம் தவறாமல் போனில் பேசிவிட்டுக் கடிதமும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். போர் போடும் ரிக் வண்டியில் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இங்கே அம்மா பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் காளியப்பன் அண்ணன் ராய்ப்பூருக்குக் கிளம்பும்போது இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இரண்டு நாள் மழை பெய்தது, மரவள்ளிக்குப் போதும்.

ஹாஸ்டலில் தங்கை மதுமதிக்கு முடி கொட்டுவதைச் சொன்னபோது, "ஆயிரம் அடிக்குக் கீழ போன தண்ணி சாமி, உப்பு ஏறிக் கெடக்கும்" என்றீர்கள். இருபது வருடம் போர் போட்டவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அம்மா வாராவாரம் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோகிறார். நானும் நம்பினேன். ஆனால் அவளுக்கு இடது காதுக்கு மேலே மட்டும்தான் வழுக்கை, எலுமிச்சை வில்லை அளவுக்கு. தண்ணீர் ஒரு பக்கமாகப் பார்த்தா விழும்? அதே குழாயில் குளிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு இடுப்பு வரை சடை தொங்குகிறது.

அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன். நம் வீட்டுத் தண்ணீரைவிட உப்பு குறைவு.

வார்டன் மேலும் சந்தேகம் வந்தது. மதுமதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். முடி என்று நான் வாயெடுப்பதற்குள், "அது தண்ணிதானுங்க, பரீச்ச முடிஞ்சா சரியாயிருமுங்க" என்றார். தண்ணீருக்கும் பரீட்சைக்கும் என்ன தொடர்பு?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். யாராவது பையன் விவகாரமோ என்றுகூட நினைத்து, நேற்று அம்மாவோடு ஹாஸ்டலுக்குப் போயிருந்தபோது, அவள் கை கழுவப் போன நேரத்தில் நோட்டைப் புரட்டினேன். கடிதம் எதுவும் இல்லை. வேதியியல் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் முடி, வேரோடு. வலக்கை எழுதும்போது இடக்கை பிடுங்கியிருக்கிறது.

அதன் பிறகு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து சோறு போட்டபடி அம்மா, "உங்கப்பன் வண்டியில எல்லாருகிட்டயும் டாக்டரம்மா டாக்டரம்மான்னுதான் பேசறாராமாடி" என்று சிரித்தார். மதுமதியும் சிரித்தாள். அவள் இடக்கை காதுக்கு மேலே போனது.

கிளம்பும்போது தனியாகக் கேட்டேன். "எனக்கே தெரியாம கை போயிருதுக்கா. அப்பாகிட்டச் சொல்லிறாத, பாவம் அவரு" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் என்னை மன்னிக்கட்டும்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே மனநல மருத்துவர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். பைத்தியம் என்று அர்த்தமில்லை அப்பா. ஆனால் சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் நீங்கள்; உங்கள் வாய்ச்சொல் இல்லாமல் அவளை வெளியே விடமாட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் வார்டனுக்கு ஒரு போன் செய்யுங்கள். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் துண்டில்லாமல் நிற்காதீர்கள்.

இன்னும் ஒன்று, கேட்கத் தயங்கித் தயங்கிக் கடைசிக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவளோடு பேசும்போது டாக்டரம்மா என்று கூப்பிடாதீர்கள் அப்பா. முன்பெல்லாம் கூப்பிடுவீர்களே, சாமி என்று, அப்படியே கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
தனப்பிரியா