முதல் நடையின் தேதி

விருதுநகர்
30.8.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகள் இசைவாணி சுகம். பல் இரண்டு வந்துவிட்டது. நேற்று உன்னைக் கண்டு அழுததை மனதில் வைத்துக்கொள்ளாதே. ஒன்பது மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் புதுமுகம் கண்டால் மிரளுமாம். என் தபால் படிப்பில் மனித வளர்ச்சிப் பாடத்தில் போட்டிருக்கிறது. இவளைப் பார்த்துத்தான் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறேன்.

உன் தங்கச்சி
பானு

எம். புதுப்பட்டி
3.9.2004

பானுவுக்கு,

பெற்றவள் முகம் புதுமுகமா? தீபாவளி சீசன் முடியட்டும் என்றுதான் பிள்ளையை உன்னிடம் விட்டேன். ஆறு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, நகக்கண்ணில் ஒட்டிய அலுமினியப் பவுடரைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டு ஓடி வந்தேன். வாசலில் உன் பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து பெண்சாதி, “ஒம் மக அவளத்தான் அம்மாங்குறா” என்று சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது, பானு. மறைக்க மாட்டேன்.

உன் அக்கா
ராமுத்தாய்

விருதுநகர்
8.9.2004

அக்கா,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகக் கூப்பிட்டாள், நான் திருத்தவில்லை, அது தப்புத்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. உன்னைப் பார்த்து எனக்கும் பொறாமைதான், இன்று நேற்றல்ல. சுவரைப் பிடித்து நிற்கிறாள். நடக்கிற வரைக்குமாவது விட்டு வை.

பானு

விருதுநகர்
29.11.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அவளைத் தூக்கிப்போய் பதினோரு வாரம். வேன் வேலையை விட்டு வீட்டில் காகிதக் குழாய் சுற்றுகிறாயாம், மச்சான் சொன்னார். என் இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தீபாவளிக்கு எடுத்த கவுன் பீரோவிலேயே கிடக்கிறது. டிசம்பர் பதினைந்துக்குள் நோட்டை அனுப்ப வேண்டும். ‘முதல் நடை’ என்ற பக்கம் மட்டும் காலி. தேதியை ஒரு கார்டில் எழுதிப் போடேன். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் தங்கச்சி
பானு

எம். புதுப்பட்டி

பானுவுக்கு,

நடந்துவிட்டாள். நான் குழாய் சுற்றிக்கொண்டிருந்தேன். சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து மூன்று எட்டு வைத்து, மடியில் வந்து விழுந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

தேதியைச் சொல்ல மாட்டேன். இந்தக் கார்டிலும் தேதி போடவில்லை. பல்லும் முதல் பேச்சும் உன் நோட்டில் இருக்கின்றன. இது ஒன்று எனக்கு இருக்கட்டும். ஏதாவது ஒரு நாளைப் போட்டுக்கொள். பரீட்சையை நன்றாக எழுது.

இப்படிக்கு,
இசைவாணியின் அம்மா