கத்தரிப் பாத்தியில் வந்த புல்

கெர்லிங்
3.3.2024

அன்புத் தம்பி கணேஸ்வரனுக்கு,

நலமா? அம்மன் புண்ணியத்தில் நான் சுகம். போன் செய்தால், "வேலையில இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

என் கத்தரிப் பாத்தியில் ஒரு புல் புகுந்திருக்கிறது. தரையோடு கொடி விட்டு ஓடுகிறது. பிடுங்கினால் பாதியில் அறுந்து, ஒரே வாரத்தில் மறுபடி முளைக்கிறது. ஒரு துண்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். பந்துத் திடலுக்குப் புல் போடுகிறவன் நீ. இது என்ன, எங்கிருந்து வந்தது என்று சொல்.

பாசமுள்ள அக்கா,
கண்மணி

ரவாங்
10.3.2024

அன்புள்ள அக்கா,

இது அருகம்புல் ஜாதி. பந்துத் திடலுக்குப் போடுவது இதைத்தான், மாடும் மேயும். இலை தண்டோடு சேருமிடத்தில் வெள்ளை மயிர் இருக்கும், பூ விரல் விரித்த மாதிரி இருக்கும். பார்த்துக்கொள்.

கொத்திக் கிளறாதே. அறுந்த ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகும். ஒரு முழம் தோண்டி வேரை முழுசாக உருவி எடு. பிறகு கருப்புப் பிளாஸ்டிக் போட்டு இரண்டு மாதம் வெயிலில் மூடி வை.

பக்கத்து வீட்டு வேலம்மா கொடுக்கும் சாணியில் விதை இருந்திருக்கலாம்.

உன் தம்பி,
கணேஸ்வரன்

கெர்லிங்
21.4.2024

அன்புத் தம்பிக்கு,

தோண்டித் தோண்டிக் கையெல்லாம் கொப்புளம். பாதிப் பாத்தி போய்விட்டது. அந்த ஆத்திரத்தில், வெள்ளிக்கிழமை கோயிலில் வேலம்மாவைப் பார்த்ததும், "உன் சாணிதான் என் நிலத்தையே கெடுத்திருச்சு" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"இல்லக்கா, அந்தப் புல்லு எங்க பக்கமே கிடையாது லா" என்றாள். பொய்க்காரி என்றேன்.

இப்போது என் வாசல் வழியாக வராமல் சுற்றிப் போகிறாள். ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் என்னோடு பால்மரம் வெட்டியவள். நீ நிச்சயமாகத்தானே சொன்னாய்?

அக்கா,
கண்மணி

ரவாங்
28.4.2024

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தப் புல் வேலம்மா வீட்டிலிருந்து வரவில்லை. நான் கொண்டுவந்தது. போன தீபாவளிக்கு முன்னால் உன் பாத்திக்கு லோரியில் கருப்பு மண் இறக்கினேனே, அது நாங்கள் பெயர்த்த பழைய திடலின் மண். சலித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். சலிக்கவில்லை.

உறையைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்கிறவள் நீ. அந்தப் பெயர் கெட்டுவிடுமே என்று வாயில்லாத மாட்டின் மேல் பழியைப் போட்டேன். அது வேலம்மா மேல் விழும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். உன் கையெழுத்தைப் பார்க்கவே கூசுகிறது.

கணேஸ்வரன்

கெர்லிங்
11.5.2024

கணேசு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு வேலம்மாவிடம் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "என்மேலதான் தப்பு" என்றேன்.

அவள் திரும்பவே இல்லை. "அன்னிக்கு எல்லாரும் கேட்டாங்க. இங்க கொட்டகையில வந்து சொன்னா யாருக்குக்கா கேக்கும்?"

நேற்று கோயிலில் பூஜை முடிந்ததும் எழுந்து நின்றேன். வேலம்மா பொய் சொல்லவில்லை, நான்தான் விசாரிக்காமல் பேசினேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என்னோடுதான் நடந்தாள்.

அப்படியென்றால் புல் எப்படி வந்தது என்று பூஜைக்கு வந்திருந்த குமுதா கேட்டாள். உன் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பூஜை. வந்து நீயே சொல்.

கண்மணி