பாதியில் நிறுத்திய வசனம்

ஒத்தக்கடை
7 ஜூலை 2025

ஆண்டவருக்குள் அன்பான அண்ணனுக்கு,

தமிழ்வாணி எழுதுவது. மகளும் நானும் சுகம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று நீங்கள் பிரசங்கம் செய்து ஆராதனை முடிந்ததும் பாண்டிச்செல்வி உங்களிடம் வந்து நின்றாள். உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. புருஷன் மருது அடித்தது என்று சபைக்கே தெரியும். "தள்ளிவிடுறதக் கர்த்தர் வெறுக்குறாரும்மா, பொறுத்துப் போ" என்று சொல்லி, அவனுடைய வண்டியிலேயே ஏற்றி அனுப்பினீர்கள். ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் வேதத்தை ஒன்றும் விடாமல் வாசித்து வருகிறேன். கட்டியவளைத் தள்ளிவைப்பதைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று நீங்கள் சொன்னது மல்கியா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வசனம் அதோடு முடியவில்லை. கொடுமையை உடுப்பாகப் போட்டுக்கொண்டு திரிகிறவனையும் கர்த்தர் அங்கேயே கடிந்துகொள்கிறார். இளவயதில் கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்யாதே என்று ஆண்களை எச்சரிக்கிற இடம் அது. அதை எடுத்து, அடிபட்டவள் வாயை எப்படி அண்ணே அடைத்தீர்கள்?

உங்கள் தங்கை,
தமிழ்வாணி

கொட்டாம்பட்டி
12 ஜூலை 2025

அன்புத் தங்கை தமிழ்வாணிக்கு,

அண்ணி எழுந்து நடமாடுகிறாள். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

வேதம் வாசிக்கிறாய், சந்தோஷம். ஊழியக்காரனுக்கே பாடம் எடுப்பதற்கா வாசிக்கிறாய்? மருது இந்தப் பங்குனியில்தான் ஞானஸ்நானம் எடுத்தான். அவனை நம்பி அவன் பங்காளிகள் குடும்பத்தோடு சபைக்கு வருகிறார்கள். அவனைச் சபை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். வெயிலில் அலைந்து சேர்த்த ஆத்துமாக்கள், தமிழ்வாணி. உனக்கு அந்தக் கஷ்டம் தெரியாது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்திலும் இந்த அதிகாரத்தையே வாசித்துக் காட்டினாயாமே. கமிட்டியில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "ஒங்க தங்கச்சியே புருசன விட்டு வந்ததுதான பாஸ்டர், அது வேற என்னத்தச் சொல்லும்?" நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இனி அந்தக் கூட்டத்துக்கு நீ வரவேண்டாம்.

அண்ணன்,
செல்வக்குமார்

ஒத்தக்கடை
17 ஜூலை 2025

அண்ணனுக்கு,

தலைகுனிந்தீர்களா? பாண்டிச்செல்வி இப்போது என் வீட்டில் இருக்கிறாள். அதற்குக் குனியுங்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். இடது கை முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். பின்னாலேயே மருது வாசலில் வந்து நின்றான்.

"பாஸ்டரே என்கூட அனுப்பிவச்சாரு. நடுவுல நீ யாரு?" என்றான்.

"போலீசுக்குப் போன் போட்டுட்டேன். வரட்டும், நான் யாருன்னு சொல்றேன்" என்றேன். போய்விட்டான்.

உங்கள் பிரசங்கம் அவன் கையில் கம்பாக இருக்கிறது அண்ணே.

நான் புருஷனை விட்டு வந்தவள்தான். முதலில் ஆறுதலுக்காகத்தான் வேதத்தை எடுத்தேன். பிடித்த சங்கீதங்களை மட்டும் வாசித்து அழுவேன். எதையும் விடாமல் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், என் கோபத்துக்கு முன்பே கர்த்தருக்குக் கோபம் வந்திருக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் முழங்கால் போட்டு, எனக்கென்று ஒன்றும் கேட்காமல் ஜெபித்தேன். இதை மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவதையா விடச் சொல்கிறீர்கள்?

அந்த அதிகாரத்தின் முதல் வசனம் யாரைப் பார்த்துச் சொன்னது என்று எடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகு எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

தமிழ்வாணி

கொட்டாம்பட்டி
21 ஜூலை 2025

தமிழ்வாணிக்கு,

பார்த்தேன். ஆசாரியர்களை, அதாவது என்னைப் போன்ற ஊழியக்காரர்களைப் பார்த்துச் சொன்னது.

நேற்று ஆராதனையில் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். பாண்டிச்செல்வியைத் திருப்பி அனுப்பியது பாவம் என்று சொன்னேன். மருதுவின் பங்காளிகள் எழுந்து வெளியே போனார்கள். செயலாளர், "யாரச் சொல்றீங்க பாஸ்டர்?" என்று கேட்டார். "மொதல்ல என்னையத்தான்" என்றேன். கமிட்டி இன்றைக்குக் கூடுகிறது. என்ன முடிவெடுப்பார்களோ தெரியாது.

அவள் புகார் கொடுத்தால் சாட்சி சொல்ல வருகிறேன். அவள் என்னோடு பேச வேண்டியதில்லை.

நீ எழுதிய விதம் இன்னும் குத்துகிறது. மறைக்கவில்லை. ஆனால் வேறொன்று அதைவிடக் குத்துகிறது. புருஷனை விட்டு வந்த அன்று, கைக்குழந்தையோடு பசுமலையில் சிநேகிதி வீட்டுக்குப் போய்த் தங்கினாய். கூடப்பிறந்தவன் வீடு இருக்கும்போது அங்கே போனாளே என்று இத்தனை வருஷமாக உன்மேல் எனக்குக் கோபம். ஏன் போனாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போதும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

அண்ணன்