கன்ட்ரோல் முகம்

இன்று காலை பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்தால், என் மூக்கு நுனியில் ஒரு பரு. இந்த வயதில். தனியாகச் சிரித்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனைக்கும் இரண்டு குழாய் வைப்போம். ஒன்றில் மருந்து. இன்னொன்று எதுவும் சேர்க்காமல் சும்மா நிற்கும், அதுதான் கன்ட்ரோல். மருந்து வேலை செய்ததா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். கன்ட்ரோலிலும் மாற்றம் தெரிந்தால் சோதனை செல்லாது. எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டிவிட்டு, "சரி, மொதல்லேர்ந்து ஆரம்பி" என்பாய்.

சிகரெட் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற உனக்கு நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். உன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். நான் அழுதேன், நீ என்னைத் திட்டினாய். கீமோ பலிக்காமல் போகவே, அப்போதுதான் வந்திருந்த ஒரு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். செல்லை ஓயாமல் பெருகச் சொல்லும் ஒரு நொதியை அடக்குகிற மாத்திரை. அதே நொதி தோலிலும் உண்டு. மருந்து பிடித்தால் பெரும்பாலும் முகமெல்லாம் பரு கிளம்பும் என்றார். கிளம்பாவிட்டால் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

அதன்பின் காலையில் கல்லூரிக்குப் போகுமுன் விவேக் நகரில் இறங்கி உன் வீட்டுக்கு வருவேன். கண்ணாடி முன் என்னைப் பக்கத்தில் நிறுத்துவாய்.

"நான் டெஸ்ட், நீ கன்ட்ரோல். மூஞ்சியக் காட்டு."

உன் முகம் வழவழவென்றிருக்கும். "பாழாப்போன அழகு, தொலைய மாட்டேங்குதுடி" என்பாய். உன் எதிரில் சிரித்துவிடுவேன். பஸ்ஸில் ஏறியதும் டாக்டரின் அந்தப் "பார்க்கலாம்" காதில் கேட்கும்.

ஒரு நாள் உன் வாசலில் வேப்பிலைக் கொத்து. மாடி வீட்டு அம்மா குறுக்கே வந்தார்.

"உள்ள போகாதீங்க மேடம். டீச்சருக்கு அம்ம போட்டிருக்கு. மூஞ்செல்லாம் முத்து முத்தா."

அவரைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினேன். குழந்தை ஏசு படத்தின் கீழே, மாடி வீட்டு அம்மா கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாய். முகம் முழுக்கச் சிவப்புப் பரு.

"காலைலயே டாக்டர்கிட்ட காட்டிட்டேன். அம்மை இல்ல, மாத்திரைதான். அரிப்பு உயிர் போகுது," என்று சொல்லிச் சிரித்தாய்.

"அப்ப வேப்பிலை எதுக்குடி?"

"பாசமா கட்டினாங்க. இருக்கட்டும், அம்மனோ ஏசுவோ மாத்திரையோ, யார் வேலை செஞ்சா என்ன?"

அவ்வளவு அசிங்கமான முகத்தை அதற்கு முன் அத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்தில் பவுடர்கூடப் போடாமல், அந்த முகத்தோடே எல்லாப் போட்டோவிலும் நின்றாய்.

பிறகு அந்த நொதி மாத்திரைக்கு மசியாமல் வேறு வேஷம் கட்டிக்கொண்டது. "கில்லாடி. நம்ம ஸ்டூடன்ட்ஸவிட வெவரம்" என்று அதையும் மெச்சினாய். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

நீ இல்லாத இன்றும் கண்ணாடி முன் சற்று ஒதுங்கித்தான் நிற்கிறேன், பக்கத்தில் உனக்கு இடம் விட்டு. இப்போது கன்ட்ரோலிலேயே பரு வந்துவிட்டது. உன் சட்டப்படி சோதனை செல்லாது.

வாடி, மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்.