வெள்ளிக்கிழமை கையைக் காட்ட வேண்டும்

அன்புள்ள கரண்டி அக்காவுக்கு,

நீங்கள் அங்கே நலமாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் நாங்களும் நலம் என்று எழுத வேண்டுமாம். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இரவு வேலைக்குப் போயிருக்கிறாள். அண்ணன் முன்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுத்திருக்கிறான். தூங்குகிறானா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவன் குறட்டை விடுவதில்லை.

உங்கள் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய அன்று, நீங்கள் அரிப்புக் களிம்பு கிளறிக்கொண்டிருந்த கரண்டியை, அம்மாவுடையதை, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் அல்லவா? பிறகு அதைக் கழுவிப் பார்சலில் அனுப்பினீர்களே, அதன்மேல் இருந்தது. அந்தத் தாளை என் அறிவியல் புத்தக அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஃபோனில் பேசியிருப்பேன். ஆனால் என் ஃபோனை அண்ணன் களிம்புக் கம்பெனிக்கு என்று எடுத்துக்கொண்டான். டியூபில் அச்சாகியிருக்கும் எண் இப்போது என்னுடையதுதான்.

கரண்டியை அண்ணன் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். ஒருநாள் அம்மா அவசரத்தில் அதை எடுக்கப் போனாள். "அது வேணாம்மா, அது கம்பெனி கரண்டி" என்றான். "கம்பெனி கரண்டியாம்! மாசாமாசம் சம்பளம் குடுக்கறியாடா அதுக்கு?" என்று அம்மா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நடக்கும் அந்தப் பயிற்சி வகுப்பை அண்ணன் விடவே இல்லை. கழுத்தில் டை கட்டாமல் வராத, உங்களுக்குப் பிடிக்காத டை சார்தான் இன்னமும் பாடம் எடுக்கிறார். வீட்டுக்கும் வருகிறார். வந்தால் உட்கார மாட்டார். நின்றுகொண்டே, "களிம்ப யாரு வேணா விப்பாங்க தம்பி, நீங்க கதைய வில்லுங்க" என்பார். பிறகு என்னைக் காட்டி, "உங்க பிராண்டு அலமாரியில இல்ல, இதோ ரெண்டு சடை போட்டுக்கிட்டு நிக்குது" என்பார். அவர் சொன்னபடியே டியூபில் என் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். கடையில் யாரும் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. இரட்டைச் சடைக் களிம்பு கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய மருந்துக்கடைக் கம்பெனி, எல்லாக் கிளைகளிலும் நம் களிம்பை வைக்கச் சம்மதித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அவர்களுடைய தலைமை அலுவலகத்தில் கையெழுத்து. அண்ணன் இந்த ஒரு கையெழுத்துக்காக எத்தனை படி ஏறி இறங்கினான் என்று உங்களுக்கே தெரியும். பாதி நாள் நீங்களும் கூடப் போனீர்கள். அங்கே அண்ணன் பேசி முடித்ததும் நான் எழுந்து, என் அரிப்புக் கதையைச் சொல்லி, சட்டைக் கையை மேலே மடித்து, முழங்கையைக் காட்ட வேண்டும். டியூபில் எழுதியிருப்பது போல, முன்பு அப்படி, பின்பு இப்படி. தினமும் சாயங்காலம் ஒத்திகை. மடிக்கும் இடம் வந்ததும், "அத அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, என் கையில் அரிப்பு மறுபடியும் வந்துவிட்டது.

முழங்கை மடிப்பில் சிவப்பாகத் தடித்து, மேலே வெடித்து, மணிக்கட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அந்தக் களிம்பைக் காய்ச்சுவதற்கு முன்னால்கூட இவ்வளவு இல்லை. வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். குளிர்கிறது என்று ஆசிரியையிடம் சொன்னேன், வகுப்பே சிரித்தது. ஒருநாள் அம்மாவின் முகப்பவுடரை அப்பி மறைக்கப் பார்த்தேன். எரிந்த எரிச்சலில் துண்டைக் கடித்துக்கொண்டு இதே வாளியின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

எதனால் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அண்ணன் பச்சை நிறமும் வாசனையும் சேர்த்துவிட்டான். நீங்கள் எதற்காகச் சண்டை போட்டீர்களோ அதைத்தான். மெழுகு நாற்றம் அடிக்கும் டியூபைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள் என்று டை சார் சொன்னாராம். "வாசனை வேணும்னா பூக்கடை வைங்க" என்று நீங்கள் கத்தியதும், "நீ அடுப்பப் பாரு, வெளியுலகத்த நான் பாத்துக்கறேன்" என்று அவன் கத்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. நான் இந்தக் குளியலறையில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இருந்தபோது ஒவ்வொரு முறை காய்ச்சியதும் முதலில் உங்கள் முழங்கை மடிப்பில் தடவுவீர்கள், பிறகு என்னுடையதில். ஒரு வாரம் பார்த்த பிறகுதான் டியூபில் அடைப்பீர்கள். இப்போது அண்ணன் தன் கையில் தடவிப் பார்த்து, "சூப்பர்" என்று சொல்லிவிடுகிறான். அவனுடையது எருமைத் தோல் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். கை நன்றாக இருந்தபோது என் முழங்கையிலும் பல நாள் தடவினான், ஆனால் அது வீடியோவுக்கு. தடவிச் சிரிக்க வேண்டும். எடுத்து முடித்ததும் ஓடிப்போய்க் கழுவிவிடுவேன். அதற்குள் அரிக்கத் தொடங்கிவிடும்.

என் கை மட்டும் என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். என் வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் தோழிக்குக் கழுத்தில் அரிப்பு உண்டு. அவள் போன வாரம் என்னிடம் வந்து, கழுத்துப்பட்டியை விலக்கிக் காட்டினாள். செக்கச்செவேல் என்று இருந்தது. "உன் மூஞ்சி இருக்கேன்னுதான் அம்மாகிட்ட அடம்புடிச்சு வாங்கினேன். உனக்கு எவ்ளோ நாள்ல சரியாச்சு?" என்று கேட்டாள். கொஞ்ச நாள் போடாதே என்றேன். "ஏன்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அதிலிருந்து அவளைப் பார்த்தால் வேறு பக்கமாகப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எத்தனை பேரைப் பார்த்து அப்படிப் போவேன்?

அண்ணனிடமே சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போனேன். முந்தாநாள் சாப்பிடும்போது வேண்டுமென்றே சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டையே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான் அக்கா. பிறகு, "கொசு கடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான். நம் வீட்டில் கொசுவே இல்லை. எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தது அவன்தான்.

எனக்கு அதுதான் பயம். அவனுக்குத் தெரியாமல் இருந்தால்கூட இவ்வளவு பயம் இருக்காது.

அவன் கெட்டவன் இல்லை என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. நான் இரவெல்லாம் சொறிந்துகொண்டு அழுததைப் பார்க்க முடியாமல்தானே, உங்களைக் கூட்டிவந்து அடுப்பின் முன்னால் நிறுத்தினான். இப்போதும் கண்ணாடி முன்னால் பேசிப் பழகும்போது, "இத நாங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சப்போ" என்று வாய் தவறித் தொடங்கிவிடுகிறான். நிறுத்தி, "நான் ஆரம்பிச்சப்போ" என்று திருத்திக்கொள்கிறான். அடுத்த முறை திரும்பவும் அதே இடத்தில் அதே தப்பு.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சட்டைக் கையை மடிக்கும் இடம் வரும்போது மடித்துவிடுவேன். பவுடர் போட மாட்டேன், ஒன்றும் மறைக்க மாட்டேன். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எதனால் வந்தது, எதை எடுத்துவிட்டால் சரியாகும், பழைய களிம்பு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். கையெழுத்து போனாலும் போகட்டும் என்று நான் நினைத்துவிடலாம். அண்ணன் எப்படி நினைப்பான்?

அந்த நேரம் எல்லோரும் என் கையைத்தான் பார்ப்பார்கள். அண்ணன் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும் அக்கா. டை சார் நிற்க மாட்டார்.

நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் இதை விரைவுத் தபாலில் போட்டுவிடுவேன். கிடைத்ததும் ஃபோன் செய்யாதீர்கள், அவன்தான் எடுப்பான், உடனே வைத்துவிடுவான். நேரில் வாருங்கள். திட்டிக்கொண்டே வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் எந்த ஊரில், எந்த அடுப்பின் முன்னால் நின்றாலும் உங்கள் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
இரட்டைச் சடை

பின்குறிப்பு: கரண்டியில் தூசி படிந்திருக்கும் என்று நேற்று துடைக்கப் போனேன். அதற்கு முன்பே யாரோ துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அம்மாவைக் கேட்டேன், அவள் இல்லையாம்.